ஒன்றரை நொடியில் கவிழும் டிராக்டர்

மழை விட்ட மறுநாள். வயலில் உழவு ஓட்டும் டிராக்டரின் பின்சக்கரம் சேற்றில் இறங்கி, அதே இடத்தில் சுழல்கிறது. வரப்பில் நிற்பவர் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து இரண்டு பின்சக்கரத்துக்கும் குறுக்கே வைத்துச் சங்கிலியால் கட்டுகிறார். 'இப்ப கிளட்சை விடுங்க' என்கிறார். பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் மட்டுமல்ல, நெல் விளையும் எல்லா ஊரிலும் தெரிந்த வைத்தியம் இது. ஆளைக் கொல்லும் வைத்தியமும் இதுதான்.

கட்டை மண்ணில் முட்டிக்கொண்டால் சக்கரம் சுழல முடியாது. ஆனால் இன்ஜினின் விசை நிற்காது. சக்கரம் திரும்ப மறுத்தால், அச்சை மையமாக வைத்து வண்டியின் உடல் மேலே எழும்பும். முன்சக்கரம் தூக்கி, ஓட்டுநர் மேலேயே வண்டி மல்லாக்க விழும். முழுதாகக் கவிழ ஒன்றரை நொடி போதும். அதில் பாதி நேரம் கடந்துவிட்டாலே கிளட்சை மிதித்தாலும் திருப்ப முடியாது. 'தூக்கினா குதிச்சிடலாம்' என்பது திண்ணைப் பேச்சு.

சிக்கிய வண்டிக்குச் செய்ய வேண்டியது வேறு. கலப்பையைக் கழற்றிவிட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சேற்றை வெட்டி, ரிவர்ஸில் வெளியே எடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் இன்னொரு டிராக்டரை வைத்து இழுக்கலாம். இழுக்கும் வண்டியில் சங்கிலியை அச்சுக்குக் கீழே உள்ள டிராபாரில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்க் போன்ற உயரமான இடத்தில் மாட்டினால் அந்த வண்டியும் பின்பக்கம் புரளும். சங்கிலி அறுந்தால் வீசும் என்பதால் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

இந்த ஆபத்து டிராக்டர் பிறந்த காலத்திலேயே இருந்தது. அன்று ஏரை வண்டியின் பின்னால் கட்டி இழுத்தார்கள். கொழு பாறையில் மாட்டினால் முன்பக்கம் எழும்பிவிடும். அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் 1920-களில் மூன்று முனை இணைப்பை உருவாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் பெயரைத் தாங்கிய மாஸி பெர்குசன் டிராக்டர்கள்தான் பின்னாளில் வட சென்னையின் செம்பியத்தில் டாஃபே நிறுவனத்தில் தயாராகி நம் வயல்களுக்கு வந்தன. லிங்க் கம்பியை விட்டுவிட்டு வேறு எங்காவது கயிறு கட்டி இழுப்பவர், அந்த மனிதர் கண்டுபிடித்ததைக் கழற்றி எறிகிறார்.

வெளிநாட்டுப் பண்ணைகளில் நான்கு சக்கர பைக்குகள் இதேபோல் கவிழ்ந்து ஆட்களை நசுக்குகின்றன. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல் விற்கும் புதிய பண்ணை பைக்குகளில் ஓட்டுநரைக் காக்கும் சட்டம் கட்டாயம். டிராக்டருக்கு சுவீடன் 1959-லேயே இப்படி விதி போட்டது. அதன் பிறகு அங்கே கவிழ்ந்து இறப்பது வெகுவாகக் குறைந்தது. நம் வண்டிகளில் வெயிலுக்குப் போடும் கூரை அந்த வேலையைச் செய்யாது. உள்ளூர்ப் பட்டறையில் வெல்டு செய்த பைப்பும் செய்யாது. கம்பெனி சோதித்துத் தரும் பாதுகாப்புச் சட்டம் இருந்தால் சீட் பெல்ட்டை அவசியம் போடுங்கள். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போடவே வேண்டாம், அது ஆளை வண்டியோடு கட்டிவைத்துவிடும்.

வாய்க்கால் கரையில் ஓட்டும்போது, வாய்க்கால் எவ்வளவு ஆழமோ குறைந்தது அவ்வளவு தூரமாவது தள்ளி ஓட்டினால் கரை சரியாது. உயரமான வரப்பையோ சரிவையோ ஏற வேண்டுமென்றால் ரிவர்ஸில் ஏறுங்கள்.

வயலைவிடச் சாலை மோசம். திருவொற்றியூரில் இருந்து பொன்னேரி வழியாகப் பஞ்செட்டி போகும் சாலையில் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கன்டெய்னர் லாரிகளும், வைக்கோல் ஏற்றிய டிரெய்லர்களும் ஒன்றாகப் போகின்றன. வயலில் திரும்ப வசதியாகப் பிரித்துவைத்த இடது, வலது பிரேக் பெடல்களைச் சாலை ஏறும் முன் கொக்கி போட்டு இணைக்க வேண்டும். மறந்துவிட்டு வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் சுழன்று கவிழும். வைக்கோல் மறைக்காத இடத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டரும் எரிகிற டெயில் லைட்டும் இல்லாத டிரெய்லர், இரவில் லாரிக்காரர் கண்ணுக்கு நெருங்கிய பிறகே தெரியும்.

மட்கார்டில் உட்கார்ந்து வருவதை நிறுத்துவதுதான் கஷ்டம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைத் 'தாத்தாகூட உட்காரு' என்று ஏற்றிவிடுகிறோம். டிராக்டரில் இருக்கை ஒன்றே ஒன்றுதான். ஒரு குழி போதும், விழுகிறவர் பின்சக்கரத்துக்கு அடியில்தான் விழுவார். பதினெட்டு நிரம்பாத பையனிடம் சாலையில் வண்டியைக் கொடுத்து விபத்தானால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

கதிரடிக்கும்போது பி.டி.ஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று சுழலும். சேலை முந்தானை, துண்டு, பின்னல் எது மாட்டினாலும் கையை எடுக்க நேரமிருக்காது. பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் மாற்றிய பிறகே வண்டியைக் கிளப்புங்கள். அடைத்த வைக்கோலை இழுக்கும் முன் இன்ஜினை அணைத்து, சாவியை மடியில் முடிந்துகொள்ளுங்கள்.