பத்தியத்துக்கும் நள்ளிரவுப் பசிக்கும் நடுவே



சென்ற ஆண்டு எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு மயிலாப்பூரிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். வயது 46. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி. அவருடைய அனுமதியுடன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இங்கே எழுதுகிறோம். அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. தினமும் என்ன சாப்பிட்டார் என்பதைக் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஐந்து சுற்று நடை, ஒரு டம்ளர் அருகம்புல் சாறு, பிறகு அரை டம்ளர் ராகிக் கஞ்சி. மதியம் வெள்ளரிக்காய், கேரட், ஒரு கரண்டி கொள்ளு. இரவு ஒரே ஒரு சப்பாத்தி. அரிசி கிடையாது, பழம் கிடையாது, எண்ணெய் கிடையாது. இவ்வளவு ஒழுங்கான நோட்டை எங்கள் டாக்டர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 9.8 என்று வந்தது. பெரும்பாலோருக்கு 7-க்குள் இருக்க வேண்டிய எண் அது.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறை 10.1 என்று வந்தது. நோட்டு மட்டும் முன்னைவிடச் சுத்தமாக இருந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல. ரத்தம் எடுக்கும் அறையில் எங்கள் மூத்த நர்ஸ் ஒருவர் ஊசியைப் போட்டுக்கொண்டே, “ராத்திரி நல்லா தூங்குறீங்களாம்மா?” என்று பேச்சுக்குக் கேட்டார். “தூக்கமா சிஸ்டர்? பதினொன்றரை மணிக்கு எல்லாரும் படுத்த பிறகுதான் எனக்குச் சமையல்கட்டுல வேலையே ஆரம்பிக்குது” என்றவர் அழ ஆரம்பித்துவிட்டார். வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் அவர் விளக்கைப் போடாமல், நின்றபடியே சாப்பிட்டு வந்திருக்கிறார். மிச்சமிருந்த குளிர்ந்த சோறும் ஊறுகாயும், முறுக்கு டப்பா, பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த பிஸ்கட், கடைசியில் ஜீனி டப்பாவில் ஸ்பூன். ருசி தெரிவதில்லையாம். வயிறு வலித்த பிறகுதான் கை நிற்குமாம். மறுநாள் காலையில் வெட்கத்தாலும் பயத்தாலும் கஞ்சியையும் நிறுத்திவிட்டு, ஐந்து சுற்றுக்குப் பதில் எட்டுச் சுற்று நடப்பார். நோட்டில் பகல் மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது.

அந்த நோட்டின் பின்அட்டையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அது எங்கள் மருத்துவமனை கொடுத்த தாள். ஒரு பக்கம் ‘சேர்க்க வேண்டியவை’, மறுபக்கம் சிவப்பு மையில் ‘தவிர்க்க வேண்டியவை’. சிவப்புப் பக்கத்தில் 34 பொருள்கள். நண்பர்களே, அந்தத் தாள் நீங்கள் அனுப்பிய காணிக்கையில் அச்சிடப்பட்டது. ஆகவே இதை உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அதில் பொய் எதுவும் இல்லை. ஜீனியும் மைதாவும் அளவுக்கு மிஞ்சிய வெள்ளைச் சோறும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். ஆனால் எத்தனை வேளை சாப்பிட வேண்டும், ஒரு வேளைக்கு எவ்வளவு, ஒருநாள் விதி மீறிவிட்டால் மறுநாள் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பயந்த சுபாவமுள்ள, கடமை தவறாத ஒருவர் கையில் அந்தத் தாள் எப்படி வேலை செய்யும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

கட்டுப்பாடு கூடக்கூட இரவில் கட்டுமீறுவது ஏன்? முதல் காரணம் வெறும் உடம்பு. பகல் முழுவதும் தேவையில் பாதிகூடச் சாப்பிடாத உடம்பு, மாலைக்குமேல் கடனை வட்டியோடு கேட்கும். சர்க்கரை நோயாளிக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், கண்ணில் பட்டதையெல்லாம் வாயில் போடச் சொல்லும் பசி வரும். இந்த அம்மையாருக்கு ஒருநாள் பள்ளியிலேயே அப்படி வந்து, சோதித்தபோது 58 இருந்தது. அவர் அதைத் தன் மன உறுதிக் குறைவு என்று எண்ணியிருந்தார்!

மன உறுதி என்ற பேச்சு வந்ததால் ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 வாலிபர்களை வைத்துப் பட்டினியைப் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சாட்சியின் நிமித்தம் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள் அவர்கள். மெனோனைட், பிரெத்ரன், குவேக்கர் சபைகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். போரால் பட்டினி கிடக்கும் மக்களை எப்படி மீட்டு உணவூட்டுவது என்று அறிய, தாங்களாகவே முன்வந்தவர்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்தே சேர்த்தார்கள். 1945 பிப்ரவரி முதல் ஆறு மாதம் நாளொன்றுக்குச் சராசரி 1,570 கலோரி அளவில் உணவு கொடுத்தார்கள். எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போயிற்று. அதோடு போகவில்லை. எந்நேரமும் சாப்பாட்டு நினைவே ஓடியது. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். சிலர் விதியை மீறித் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு அழுதார்கள். பிறகு தாராளமாக உணவு கிடைத்தபோது, வயிறு புடைத்த பின்னும் பசி தீரவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. கொள்கைக்காக நாட்டையே எதிர்த்து நின்ற வாலிபர்களின் மன உறுதியையே பட்டினி அப்படி ஆக்கியதென்றால், மயிலாப்பூர் ஆசிரியையை நாம் என்ன சொல்ல முடியும்?

(அவர்கள் வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது, ஆகவே ஒப்பீடு சரிசமமல்ல. ஆனாலும் ‘1,200 கலோரி டயட்’ என்று கைக்குக் கை மாறும் தாள்களைப் பார்க்கும்போது அந்த 1,570 எங்களுக்கு நினைவுக்கு வருகிறது.)

இரண்டாவது காரணம் மனத்தில் இருக்கிறது. 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கல்லூரிப் பெண்களுக்கு மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் டயட்டில் இருக்கிறவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகமாகச் சாப்பிட்டார்கள். ‘கட்டுப்பாடுதான் போய்விட்டதே, இனி எவ்வளவு தின்றால் என்ன’ என்ற எண்ணம்! தீபாவளியன்று ஒரு துண்டு மைசூர்பாகு வாயில் பட்டதும் பாதி டப்பா காலியாவது இப்படித்தான். அந்த ஒரு துண்டு பெரிய கெடுதல் செய்யாது. அது பாவம் என்ற தீர்ப்புதான் டப்பாவைக் காலி செய்கிறது.

இதெல்லாம் மேல்நாட்டுக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. 1990-களிலேயே டாக்டர் டி.என். ஸ்ரீனிவாசன் உள்ளிட்ட சென்னை மனநல மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவ மாணவியரை ஆராய்ந்து, உணவையும் எடையையும் குறித்த மனவேதனை நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேரிடம் இருப்பதாக எழுதினார்கள். அதற்குப் பிறகு பேலியோ, கீட்டோ, பதினாறு மணி நேரம் சாப்பிடாதிருத்தல் என்று எத்தனையோ முறைகள் வந்துவிட்டன. அவற்றால் பயனடைந்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. கட்டுமீறிச் சாப்பிடும் வழக்கம் உள்ளவருக்குத்தான் அவை ஆகாது. வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து, நிறுத்த முடியாமல் சாப்பிட்டு வேதனைப்படுவதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தனி நோயாகவே பட்டியலில் சேர்த்தது.

பணக்காரர்களின் வியாதிக்கு மிஷன் ஆஸ்பத்திரி ஏன் செலவழிக்க வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். எங்கள் கமிட்டியிலும் அதைக் கேட்டார்கள். அதே மாதம் தியாகராய நகரில் துணிக்கடையில் வேலை செய்யும் 22 வயதுப் பெண்ணை மயக்க நிலையில் கொண்டுவந்தார்கள். விடுதியில் தங்கியிருப்பவள். கல்யாணப் பேச்சு நடக்கிறது, ‘பெண் கொஞ்சம் பருமன்’ என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் பகலில் டீயும் ஒரு கொய்யாப்பழமும்தான். இரவு பத்து மணிக்குக் கடை மூடிய பிறகு பரோட்டா, விடுதிக்குப் போய் அதை வாந்தி எடுப்பது. ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. பொட்டாசியம் இறங்கினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், உயிரே போகலாம். ஐந்து நாள் எங்கள் வார்டில் இருந்தாள். அதன்பிறகு கமிட்டியில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சிகிச்சைக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய மனநல மருத்துவர் கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் 1980-களில் வளர்த்தெடுத்த முறையையே, நம் ஊர்ச் சாப்பாட்டுக்குத் தகுந்தபடி கடைப்பிடிக்கிறோம். கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி, நான்கு மணி நேரத்துக்குமேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஆசிரியைக்கு எங்கள் டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தது: காலை மூன்று இட்லி, சாம்பார், பதினொரு மணிக்கு மோரும் கொய்யாவும், மதியம் அளந்து ஒரு கப் சோறு, கீரை, கூட்டு, தயிர், மாலை ஒரு கிண்ணம் சுண்டல், இரவு இரண்டு தோசை. “சோறா? டாக்டரே சோறு சாப்பிடச் சொல்றாரா?” என்று அவர் இரண்டு முறை கேட்டார். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் டாக்டர் அதற்குத் தக்கபடி மாற்றினார். இதை யாரும் தாமாகச் செய்துகொள்ள வேண்டாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, இரவில் என்ன நடந்திருந்தாலும் மறுநாள் காலையில் அந்த மூன்று இட்லியைச் சாப்பிட்டே தீர வேண்டும் என்பது. மக்கள் ஒப்புக்கொள்ள மறுப்பதும் இதைத்தான். நேற்றுத் தின்றதற்கு இன்று பட்டினி என்பது நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் இன்றைய பட்டினிதான் இன்றிரவைத் தயார் செய்கிறது. சங்கிலியில் நம் கைக்கு எட்டும் கண்ணி காலை உணவுதான். இரவு பதினொன்றரை மணிக்கு மன உறுதியைத் தேடிப் பயனில்லை.

நோட்டும் தொடர்ந்தது, ஆனால் வேறு விதமாக. சாப்பிட்ட உடனே எழுத வேண்டும், இரவில் சாப்பிட்டதையும் எழுத வேண்டும், அப்போது மனத்தில் என்ன இருந்தது என்றும் எழுத வேண்டும். யாரும் அதில் சிவப்பு மையில் திருத்தமாட்டோம் என்று நர்ஸ் வாக்குக் கொடுத்தார். எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரே முறை. இதிலும் எங்கள் தவறு ஒன்றைத் திருத்தினோம். முன்பெல்லாம் எடை மெஷின் நடைபாதையில் இருந்தது. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணைச் சொல்லுவோம். இப்போது கதவுள்ள ஓர் அறையில் இருக்கிறது.

மூன்றாம் மாதம், தவிர்த்த பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தோம். அந்த அறையில் டயட்டீஷியனும் அவரும் ஆளுக்கு ஒரு துண்டு மைசூர்பாகு சாப்பிட்டார்கள். அதற்காக மதியச் சோற்றைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். ஆசிரியைக்குக் கை நடுங்கியது. பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு இரண்டு மணி நேரம் நர்ஸுடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பேச்சில் பாதி மாமியாரைப் பற்றி.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ‘உனக்குத்தான் சுகராச்சே, இதையெல்லாம் தொடலாமா?’ என்று பந்தியில் பலர் முன்னிலையில் சொல்லுவது அக்கறையால்தான். ஆனால் அப்படிச் சொல்லப்பட்டவர் அங்கே சாப்பிடமாட்டார், இருட்டில் சாப்பிடுவார். கணவரை அழைத்துப் பேசினோம். அவர் நல்ல மனிதர். முறுக்கு டப்பாவைப் பூட்டி வைத்துக்கொண்டிருந்தவர். பூட்டை எடுத்துவிட்டார்.

உபவாசத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். தபசு காலமானாலும், ஏகாதசியானாலும், ரமலானானாலும், சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் சொல்லாமல் நோன்பிருக்க வேண்டாம். இந்தச் சுழலில் இருக்கிறவர்களுக்கு, அது அடங்கும்வரை உணவை விடும் நோன்பு வேண்டாமென்றே சொல்லுகிறோம். எங்கள் போதகரும் அதையே சொல்லுகிறார்.

வாந்தி எடுக்கும் பழக்கம், மயக்கம், இன்சுலினை வேண்டுமென்றே விடுவது, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். அரசின் டெலி மானஸ் இலவசத் தொலைபேசி 14416 இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசும்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு ஆசிரியையின் எச்பிஏ1சி 8.1. எடை ஒரு கிலோ கூடியிருந்தது. அதற்காக அவர் வருத்தப்படத்தான் செய்தார். இரவுகள் மாதத்துக்கு இரண்டாகக் குறைந்திருந்தன. தீபாவளி வாரத்தில் மட்டும் மூன்று. துணிக்கடைப் பெண் இரண்டு முறை வந்தாள், பிறகு ஊருக்குப் போய்விட்டாள். அவள் செய்தி தெரியவில்லை. சிவப்புத் தாளில் மிச்சமிருந்த பிரதிகளை எடுத்துவிட்டோம். புதிய தாளின் முதல் வரியே காலை உணவு நேரம்தான். மார்கழியில் ஆசிரியை தம் தங்கையுடன் கச்சேரிக்குப் போய், சபா கேண்டீனில் வாழை இலை போட்டு, பாயசம் உட்படச் சாப்பிட்டாராம். மறுநாள் நோட்டில் எழுதியிருந்தது: ‘காலை 7.40. இட்லி மூன்று.’