முன்சக்கர ரப்பர் பூட் கிழிந்தால்
(வானொலி உரை)



இன்று பயிரைப் பற்றிப் பேசப்போவதில்லை. விளைந்ததை ஏற்றிப்போகிற வண்டியைப் பற்றி, அதிலும் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ரப்பர் உறையைப் பற்றிப் பேசப்போகிறேன்.

பொன்னேரிப் பக்கம் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர். தென்னைக்கு மீன் அமிலம் தயாரிக்க, எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்குப் போய் மீன் கழிவு வாங்கிவருவார். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கிற வாயில் இருக்கிற மீனவர் ஊர் அது. பெயரே சொல்லுதே! கரை வரைக்கும் மணல். அதற்காகவே நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கினார். ஒருநாள் முன்சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக கிரீஸ் தெறித்திருப்பதைக் கண்டார். பூட் கிழிஞ்சிருக்குன்னு மெக்கானிக் சொன்னார். "ரப்பர்தானே, அறுவடை முடியட்டும்" என்று விட்டுவிட்டார்.

இரண்டு மாதம் போனது. வளைவில் திருப்பும்போது 'டக் டக்'கென்று சத்தம். அதையும் பொறுத்துக்கொண்டார். கடைசியில் குப்பத்து மணலில், நாலு டிரம் மீன் கழிவோடு, முன்சக்கரம் இழுக்காமல் நின்றுவிட்டது. உச்சி வெயில். வாடை எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குப்பத்து இளைஞர்கள்தான் வடம் கட்டி இழுத்து ரோட்டில் சேர்த்தார்கள். சில நூறு ரூபாய் பூட்டோடு போயிருக்க வேண்டிய செலவு, ஜாயின்ட், ஷாப்ட் என்று ஆயிரக்கணக்கில் ஏறியது.

அந்தச் சின்ன ரப்பருக்கு அப்படி என்ன வேலை? முன்சக்கரம் சுழலவும் வேண்டும், ஸ்டீயரிங்கோடு திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் எஞ்சின் விசை விட்டுப்போகாமல் வர வேண்டும். அதற்காக டிரைவ் ஷாப்டின் இரண்டு முனையிலும் சி.வி. ஜாயின்ட் இருக்கிறது. வெளி ஜாயின்டுக்குள் பெரும்பாலும் ஆறு எஃகு குண்டுகள், குழிவான பள்ளங்களில் உருளும். குண்டுக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி மிகமிகக் குறைவு. கிரீஸ் இல்லாவிட்டால் இரும்போடு இரும்பு தேயும். அந்த கிரீஸை உள்ளே வைத்திருப்பதும், மண்ணையும் தண்ணீரையும் வெளியே நிறுத்துவதும்தான் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கிற பூட்டின் வேலை.

பூட் கிழிந்தால் கிரீஸ் குறைவது மட்டும் ஆபத்தில்லை. கடற்கரை மணல் கண்ணாடியைக் கீறுகிற அளவுக்குக் கடினமானது. கிரீஸோடு அது கலந்தால், வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரிதான். உப்புத் தண்ணீர் சேர்ந்தால் குண்டில் துருப்பிடித்து அம்மி கொத்தினாற்போல் ஆகிவிடும். நம் வயல் சேறும் இதைவிடக் கொஞ்சம்தான் மெத்தனம்.

'டூ வீல்ல போட்டு ஓட்டினா ஷாப்ட் சுத்தாதே' என்று சிலர் நினைக்கிறார்கள். சுற்றும். ஹப்பில் தனியாக விடுவிக்கும் அமைப்பு இல்லாத வண்டியில், சக்கரம் உருள உருள ஷாப்டும் கூடவே சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பாரம் குறையும், அவ்வளவுதான். ஆகவே வழியில் கிழிந்தால் டூ வீலில் மெதுவாக வீட்டுக்கு வந்துவிடுங்கள். வெளிமண்ணைத் துடைத்து, பாலிதீன் தாள் சுற்றிக் கட்டுவது வீடு வருகிற வரைக்கும்தான். சைக்கிள் டியூபைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். அது கிரீஸ் பட்டால் ஊறி இளகிவிடும்.

இனி மாற்றும் முறை. நிறைய பேர் தவறுவது அவசரத்தில்தான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹப் நட் மிக இறுக்கமாக இருக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதே அதைத் தளர்த்துங்கள். பிறகு ஜாக்கி ஏற்றி, கட்டாயம் இரும்பு ஸ்டாண்ட் கொடுங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்திய வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம். சக்கரத்தையும் பால் ஜாயின்டையும் கழற்றினால் ஷாப்டை வெளியே இழுக்கலாம். உள்பக்கத்தில் கியர் ஆயில் வழியும், தட்டு வையுங்கள். பின்னால் அளவு பார்த்து நிரப்புங்கள்.

பழைய கிளிப்பை வெட்டி, பூட்டைத் தள்ளிவிட்டு, ஜாயின்டைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டினால் சர்கிளிப்பிலிருந்து விடுபடும். சில வண்டிகளில் வெளி ஜாயின்ட் கழலாது. அங்கே உள் ஜாயின்டைக் கழற்றி, அந்தப் பக்கமாகத்தான் பூட்டை நுழைக்க வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். பழைய கிரீஸ் மேலேயே புது கிரீஸ் அப்பாதீர்கள். மணலும் உள்ளேயே தங்கிவிடும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ நன்றாக அலசி, ஒவ்வொரு குண்டாகச் சாய்த்துப் பார்த்து, காயவையுங்கள். குண்டிலோ பள்ளத்திலோ குழி, விரலுக்குத் தட்டுகிற வரப்பு இருந்தால் பூட் மாற்றிப் பயனில்லை, ஜாயின்டையே மாற்றுங்கள். சத்தம் வந்துவிட்ட ஜாயின்டும் அப்படித்தான். சுத்தமாக இருந்தால், பூட்டோடு வரும் மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ் பொட்டலத்தை முழுதும் பிதுக்கி ஜாயின்டிலும் பூட்டிலும் நிரப்புங்கள். வீட்டில் கிடக்கிற சாதாரண கிரீஸ் வேண்டாம். ஷாப்டில் முதலில் சின்னக் கிளிப்பையும் பூட்டையும் போட்ட பிறகுதான் ஜாயின்டைப் போட வேண்டும். மறந்தால் மறுபடி கழற்ற வேண்டியதுதான், எத்தனையோ பேர் மறந்திருக்கிறார்கள்! சர்கிளிப், ஹப் நட் இரண்டும் புதிதாக இருக்கட்டும். பூட் முறுக்கிக்கொள்ளாமல், உள்ளே காற்று அடைபடாமல் ஓரத்தைத் தூக்கிவிட்டுக் கிளிப்பை இறுக்குங்கள். கம்பி கட்டினால் ரப்பரை அறுத்துவிடும்.

எல்லா வண்டியிலும் இந்தப் பூட் கிடையாது. பழைய சி.ஜே. ஜீப், ஜிப்சி போன்றவற்றில் ஜாயின்ட் இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும், அங்கே சீலைத்தான் பார்க்க வேண்டும். 2010-ல் வந்த தாரிலும், 1983 கடைசியில் வந்த மாருதி 800-லும் பூட் உண்டு. குனிந்து பார்த்தாலே தெரியும்.

பூட் கிழிய வயசும் வெயிலும் காரணம், சீமைக்கருவேல முள்ளும் காரணம். கரையோரத்தில் அறுந்த நைலான் வலை இழை ஷாப்டில் சுற்றி ரப்பரை அறுக்கும். கத்தியால் வெட்டாமல் பிரித்தெடுங்கள். எண்ணெயும் சில ரப்பருக்கு ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவி, குப்பத்துப் படகும் வலையும் கறுத்துப்போன சமயம், அந்தத் தண்ணீரில் இறங்கிய வண்டிகளுக்கும் அடிப்பக்கம் சோப்புக் கழுவல் தேவைப்பட்டிருக்கும். துருவுக்குப் பயந்து அடியில் பழைய ஆயிலைத் தெளிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. தெளித்தாலும் பூட் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுக்கத் திருப்பி மடிப்புகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு மேலோட்டமாகத் தெரிகிறபோதே புதுப் பூட் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பொன்னேரிக்காரர் இப்போது மாதம் ஒருமுறை அப்படிப் பார்க்கிறார். மீன் கழிவு டிரம்மும் இரண்டாகக் குறைந்துவிட்டது.