‘சபை’: ஒரு சொல்லாய்வு

சிதம்பரத்தில் ‘சபை’ என்பது கட்டடத்தின் பெயர். நடராசர் கோயிலினுள் சிற்சபை, கனகசபை, தேவசபை, நிருத்தசபை, இராஜசபை என ஐந்து சபைகள் உள. ஒவ்வொன்றும் கையால் சுட்டிக்காட்டத்தக்க ஓரிடமாகும். அதே மாவட்டத்தின் தலைநகரான கடலூரில் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் அமைந்துள்ளது. அங்கே ‘சபை’ என்பது முதன்மையாக மக்களைக் குறிக்கும். ஒரே சொல் ஓரிடத்தில் மண்டபமாகவும், மற்றோரிடத்தில் மாந்தராகவும் பொருள்படுவது எவ்வாறு? வாரந்தோறும் பிரசங்க பீடத்தில் இச்சொல்லை ஆளும் நாம் அதன் வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

1. வடமொழியும் தமிழும்

‘சபா’ என்னும் வடசொல் ரிக்வேத காலத்திலேயே கூட்டத்தையும் கூடும் இடத்தையும் ஒருங்கே குறித்தது. சூதாடும் களமும் அப்பெயர் பெற்றது. மகாபாரதத்தின் சபா பருவம் மயன் கட்டிய மண்டபத்தால் பெயர் பெற்றது. சூதாட்ட சபையிலே நீதி கேட்ட திரௌபதிக்கு மூத்தோர் விடை கூறாதிருந்ததும் அப்பருவத்திலேயே வருகிறது. உறவினரைக் குறிக்கும் ‘சிப்பே’ என்னும் ஜெர்மானியச் சொல்லோடு ‘சபா’வை இணைத்துக் காண்போரும் உண்டு.

தமிழில் ‘அவை’ என்னும் வடிவம் பழமையானது. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என இரு அதிகாரங்கள் உள. ‘அவை’யும் ‘சபா’வின் திரிபே என்பது தமிழ்ப் பேரகராதியின் கருத்து. பொதுவிடத்தைக் குறிக்கும் ‘அம்பலம்’ தில்லையில் ‘சிற்றம்பலம்’ ஆயிற்று. சிதம்பரம் என்னும் பெயரைச் சிற்றம்பலத்தின் திரிபு என்பர் சிலர். ‘சித்’ என்னும் அறிவும் ‘அம்பரம்’ என்னும் வெளியும் கூடியது என்பர் வேறு சிலர்.

சோழர் காலத்தில் ‘சபை’ குறுகிய பொருளைப் பெற்றது. வேளாளர் ஊர்களின் கூட்டம் ‘ஊர்’ எனவும், வணிகர் கூட்டம் ‘நகரம்’ எனவும் வழங்க, பிரமதேயங்களில் நிலமுடைய பிராமணரின் கூட்டமே ‘சபை’ எனப்பட்டது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு (921), சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்படுவோரின் தகுதிகளைக் கூறுகிறது. வரி செலுத்தும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதப் பயிற்சி ஆகியவை அவற்றுட் சில. உழைத்த கூலியாளுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை.

2. எபிரேயமும் கிரேக்கமும்

பழைய ஏற்பாட்டின் ‘காகால்’ என்பது அழைத்துக் கூட்டப்பட்ட மக்களைக் குறிக்கும். அதற்கும் வாசற்காவல் இருந்தது. விதையடிக்கப்பட்டோரும் அம்மோனியரும் மோவாபியரும் கர்த்தரின் சபைக்கு உட்படலாகாது என நியாயப்பிரமாணம் விதித்தது (உபா. 23:1–3). ஆனால் ஏசாயா 56:3–8 அண்ணகருக்கும் அந்நியருக்கும் தேவனுடைய வீட்டில் இடம் வாக்களிக்கிறது.

‘காகால்’ என்பதைக் கிரேக்கத் திருப்புதலான செப்துவஜிந்து பெரும்பாலும் ‘எக்ளேசியா’ எனப் பெயர்த்தது. ‘வெளியே அழைத்தல்’ என்னும் வேரினின்று பிறந்த இச்சொல் ஏதென்சில் குடியுரிமை பெற்ற ஆடவரின் அரசியல் கூட்டத்தைக் குறித்தது. அடிமையும் பெண்ணும் அயலாரும் அதற்குப் புறம்பானவர். எபேசு நகரத்தின் அமளிக் கூட்டத்தையும் லூக்கா இச்சொல்லாலேயே குறிக்கிறார் (அப். 19:32, 41). ஆகவே இச்சொல் தன்னளவில் புனிதமானதன்று. கூட்டுகிறவர் யார் என்பதே அதற்குச் சிறப்பளிக்கிறது.

3. கடலூருக்கு வந்த சொற்கள்

ஆங்கிலத்தின் ‘சர்ச்’, ஜெர்மானியத்தின் ‘கிர்ஹே’, டேனிய மொழியின் ‘கிர்க்க’ ஆகியவை ‘ஆண்டவருக்குரியது’ எனப் பொருள்படும் ‘குரியக்கோன்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை. அது ஆண்டவரின் வீட்டைச் சுட்டியது. ‘கோ’வின் ‘இல்’லாகிய நம் ‘கோயில்’ அதற்கு நெருங்கிய சொல்லாகும். போர்த்துக்கீசியரின் ‘இக்ரேஜா’வும் பிரெஞ்சின் ‘எக்ளீஸ்’ என்பதும் ‘எக்ளேசியா’வின் வழித்தோன்றல்கள். மக்களுக்குரிய சொல்லும் காலப்போக்கில் கட்டடத்தின் பெயராயிற்று.

இதை உணர்ந்த லுத்தர் ‘எக்ளேசியா’வைக் ‘கெமைண்டே’, அதாவது கூட்டுச் சமூகம், எனப் பெயர்த்தார். திண்டேலும் அவ்வாறே மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லை ஆண்டார். ஆனால் 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதலுக்கு ‘சர்ச்’ என்னும் சொல்லே விதிக்கப்பட்டது. புனித தாவீது கோட்டையின் ஆங்கிலேயரும், 1737 முதல் கடலூரில் ஊழியம் தொடங்கிய ஹாலே மிஷனரிமாரும், பின்னர் வந்த டேனியரும் இவ்விருவகைச் சொற்களையும் இக்கரைக்குக் கொணர்ந்தனர்.

4. வாசற்படி

சிதம்பரத்திற்கு அருகிலுள்ள ஆதனூரின் நந்தனார் தில்லையின் எல்லையில் நின்று ஏங்கியதைப் பெரியபுராணம் உருக்கமாய்க் கூறுகிறது. அவர் தீயினுள் புகுந்து வேதியர் வடிவுற்ற பின்னரே அம்பலத்தை அடைந்தார். பிறர் கதையென இதைக் கேட்டுச் செல்வது நமக்குத் தகாது. நம் ஆலயங்களிலும் சாதிவாரி இருக்கைகள் நெடுங்காலம் நிலவின. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ், சாதி வேற்றுமைக்கு இடங்கொடுப்பதை ஏற்காது பிரிந்து, 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் மிஷன் நிலையத்தை நிறுவினார். டேனிய மிஷன் சங்கம் அதனைத் தன் பணியாக ஏற்றது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அவ்வேரினின்று வளர்ந்தது. ‘யார் சபை?’ என்னும் வினாவிற்கு இம்மாவட்டத்தில் இவ்வாறு ஒரு விடை எழுதப்பட்டுள்ளது.

சபா, காகால், எக்ளேசியா ஆகிய மூன்றும் தத்தம் இடத்தில் சிலரை உள்ளேற்றுப் பலரைப் புறம்பே நிறுத்தின. எத்தியோப்பிய அண்ணகன் ஏசாயாவின் சுருளோடு ஞானஸ்நானம் பெற்ற நாளில் (அப். 8:26–39) அந்தப் பழைய வாசற்காவல் நீக்கப்பட்டது. பகையாகிய நடுச்சுவர் கிறிஸ்துவில் தகர்க்கப்பட்டது (எபே. 2:14). நந்தனாரைப்போல் வேறொரு வடிவம் பெற்று வருமாறு அவர் எவரையும் கேட்கவில்லை.

ஆகவே, ‘நம் சபை’ என்று சொல்லுந்தோறும் போதகர் தம்மையே சில வினாக்கள் கேட்க வேண்டும். நாம் குறிப்பது கட்டடத்தையா, தேர்தலில் எண்ணப்படும் வாக்குகளையா, ஒரு சாதியின் உறவுமுறையையா? நற்கருணைப் பந்தியில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுவோர் கலியாணப் பந்தியிலும் கல்லறைத் தோட்டத்திலும் பிரிந்திருப்பின், நாம் மொழிபெயர்த்தது எக்ளேசியாவை அன்று. பழைய சபாவையே புதிய கட்டடத்தில் குடியேற்றியுள்ளோம். சொல்லுக்கு அகராதி ஒரு பொருளைத் தருகிறது. அதன் மெய்யான பொருளைச் சபையின் வாசற்படியே உலகிற்கு அறிவிக்கிறது.