முப்பதாவது இடத்தின் விலை

2023 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் எங்கெல்பெர்க்கில் பியுஸ் பாஷ்கே தன் முதல் உலகக் கோப்பை வெற்றியைப் பெற்றபோது அவருக்கு வயது 33. ஸ்கீ ஜம்பிங்கில் அந்த வயதுக்காரர்கள் பலர் பயிற்சியாளராகவோ வர்ணனையாளராகவோ மாறியிருப்பார்கள். ஸ்லோவேனியாவின் டோமென் பிரெவ்ட்ஸ் தன் முதல் வெற்றியைப் பெற்றது 17 வயதில். பாஷ்கே ஜெர்மனியின் பவேரிய மாநிலக் காவல்துறையைச் சேர்ந்தவர்; உலகக் கோப்பையில் முதன்முதலில் இறங்கியது 2013-இல். நடுவில் பல குளிர்காலங்கள் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டால், தொலைக்காட்சியில் மட்டும் இந்த விளையாட்டைப் பார்ப்பவருக்குப் பதில் தெரிந்திருக்காது. கேமராக்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு போட்டித் தொடரில்தான் அவர் தாண்டிக்கொண்டிருந்தார். அதன் பெயர் கான்டினென்டல் கப்.

சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பின் ஆண்கள் ஸ்கீ ஜம்பிங்கில் மூன்று படிகள் உண்டு. உச்சியில் 1979-80 சீசனில் தொடங்கிய உலகக் கோப்பை. அடியில் ஃபிஸ் கப். இரண்டுக்கும் நடுவில் கான்டினென்டல் கப். முன்பு ஐரோப்பியக் கோப்பையாக இருந்து 1990-களில் இன்றைய பெயரைப் பெற்றது. புள்ளிக் கணக்கு உலகக் கோப்பையில் உள்ளதேதான்: முதலிடத்துக்கு 100, அடுத்து 80, 60, 50 என்று இறங்கி, முப்பதாவது இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி. 31-ஆவது ஆளுக்கு எதுவுமில்லை; இரண்டாவது சுற்றில் தாண்டும் வாய்ப்பும் இல்லை.

அந்த ஒற்றைப் புள்ளியை அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. ஃபிஸ் கப்பில் புள்ளி எடுத்தவருக்குத்தான் கான்டினென்டல் கப்பின் கதவு திறக்கும். கான்டினென்டல் கப்பில் புள்ளி எடுத்தவருக்குத்தான் உலகக் கோப்பையின் கதவு. ஆர்வம் இருக்கிறது என்பதற்காக யாரும் மேலே போய் நின்றுவிட முடியாது. 1988 கால்கரி ஒலிம்பிக்கில் இரண்டு தனிநபர் போட்டிகளிலும் கடைசியாக வந்து, அதனாலேயே உலகப் புகழ் பெற்ற பிரிட்டனின் எடி எட்வர்ட்ஸைச் சிலருக்கு நினைவிருக்கும். அவரைப் பற்றி 2016-இல் படமே வந்தது. அந்தப் புகழ் பிடிக்காத ஒலிம்பிக் நிர்வாகிகள் 1990-இல் விதியை மாற்றினார்கள். சர்வதேசப் போட்டிகளில் முதல் 30 சதவீதத்துக்குள், அல்லது முதல் 50 பேருக்குள் வந்தவர்களுக்கே இனி ஒலிம்பிக் என்றானது. ரசிகர்களுக்கு அதில் வருத்தம்தான். ஆனால் தாண்டும் மேடையின் உச்சியில் ஒரு முறை நின்று கீழே பார்த்த யாரும் அந்த விதியைக் கொடுமை என்று சொல்ல மாட்டார்கள்.

பெரிய மேடையில் வீரர் சரிவுப் பாதையில் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறார். பாதை முடியும் இடம் மேல்நோக்கி வளைந்து அவரைத் தூக்கிவிடும் என்றுதான் புதிதாகப் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த முனையும் ஏறக்குறைய 11 டிகிரி கீழ்நோக்கியே சரிந்திருக்கிறது. மேலே எழும் விசை அவருடைய கால்களிலிருந்து வர வேண்டும். அதற்குக் கிடைப்பது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதைவிடக் குறைவு. பிறகு நான்கைந்து நொடி காற்றில். ஸ்கீ இரண்டையும் முன்பக்கம் விரித்து உடலை அவற்றுக்கு நடுவே கிடத்தும் பாணியை 1980-களில் சுவீடனின் யான் பொக்லெவ் கொண்டுவந்தார். நடுவர்கள் முதலில் அவருடைய மதிப்பெண்ணை வெட்டினார்கள். பிறகு உலகமே அவரைப் பின்பற்றியது.

இறங்கும் சரிவில் கணக்குப்புள்ளி என்று ஒரு கோடு உண்டு. அதைத் தொட்டால் 60 புள்ளிகள். பெரிய மேடையில் அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 கூடும், குறைந்தால் அதே அளவு கழியும். ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரை போடலாம். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் விட்டுவிட்டு மீதி மூன்றைச் சேர்ப்பார்கள். காற்றின் திசைக்கும் தொடங்கும் பலகையின் உயரத்துக்கும் தனித்தனித் திருத்தம் உண்டு. இவ்வளவு கூட்டலும் கழித்தலும் முடிந்த பிறகு முப்பதாவது ஆளையும் 31-ஆவது ஆளையும் பிரிப்பது பெரும்பாலும் தசம எண்ணாகவே இருக்கும்.

மேல் தளத்துக்கும் இந்தத் தளத்துக்கும் வெளியில் தெரியும் வித்தியாசம் அனேகமாக இல்லை. மேடைகள்கூடப் பல இடங்களில் ஒன்றுதான். எங்கெல்பெர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுவில் அங்கே உலகக் கோப்பை நடக்கும். பல ஆண்டுகளில் அதே மேடையில் டிசம்பர் 27, 28 தேதிகளில் கான்டினென்டல் கப் நடந்திருக்கிறது. அந்தத் தேதிகளை நான் கொடூரமான தேதிகள் என்பேன். 1953-இல் தொடங்கிய, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலுமாக நடக்கும் நான்கு மேடைப் போட்டி ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டார்ஃபில் தொடங்கவிருக்கும் நாட்கள் அவை. ஆண்டின் மிகப் பெரிய கூட்டமும் தொலைக்காட்சியும் அங்கே இருக்க, எங்கெல்பெர்க்கில் தாண்டுகிறவர்கள் அங்கே இடம் கிடைக்காதவர்கள். ஒரு சின்ன ஆறுதல் உண்டு. போட்டியை நடத்தும் நாடு தன் மண்ணில் வழக்கமான அணிக்கு மேல் ஒரு கூடுதல் குழுவை இறக்கலாம் என்பதால், ஜெர்மானிய, ஆஸ்திரியப் பயிற்சியாளர்களின் கண் எப்போதும் இரண்டாம் தளத்து முடிவுகள் மீதும் இருக்கும்.

சீசன் முழுக்க இப்படிப்பட்ட ஊர்கள்தான். நார்வேயிலோ ஃபின்லாந்திலோ தொடங்கி, ஜனவரியில் ஆஸ்திரியா, ஜெர்மனி, சில ஆண்டுகளில் ஜப்பானின் சப்போரோ. பிப்ரவரியில் ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்துச் சிற்றூரான புரோட்டெரோடே. இன்னும் போலந்தின் ஸாகோபானே, ஸ்லோவேனியாவின் பிளானிட்சா. சனி ஒரு போட்டி, ஞாயிறு ஒரு போட்டி, பிறகு வேன். சப்போரோ தொலைவு என்பதால் ஐரோப்பிய நாடுகள் ஆள் குறைத்து அனுப்பும். கெட்டிக்காரப் பயிற்சியாளர் ஒருவர் அந்த நேரத்தில் விமானச் செலவைப் பார்க்காமல் இரண்டு பேரை அனுப்பிப் புள்ளிகளை அள்ளிக்கொண்டு வருவார்.

அந்தப் புள்ளிகள் எதற்கு என்பதில்தான் இந்தத் தொடரின் விசித்திரம் இருக்கிறது. ஒவ்வொரு நாடும் உலகக் கோப்பைக்கு எத்தனை பேரை அனுப்பலாம் என்பதற்கு ஒதுக்கீடு உண்டு. சீசன் சில கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒரு கட்டத்தின் முடிவில் கான்டினென்டல் கப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவரால் அவருடைய நாட்டுக்கு உலகக் கோப்பையில் ஓர் இடம் கூடும். நாட்டுக்கு என்பதைக் கவனியுங்கள். வென்றவரையே பயிற்சியாளர் அனுப்புவதுதான் மரியாதை. ஆனால் அந்த இடத்தை உண்டாக்கியவர் மேலே போய் இரண்டு வாரம் சொதப்பினால், அதே இடத்தில் வேறொருவர் நிற்பார். அணிக்குள் ஆள் நெரிசல் மிகுந்த ஆஸ்திரியாவிலும் நார்வேயிலும் இந்தக் கதை அலுத்துப்போன கதை. அங்கே இரண்டாம் அணியில் இருப்பவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் முதல் அணியில் இருந்திருப்பார்.

பணத்தைப் பற்றி ரொம்பச் சொல்வதற்கில்லை. உலகக் கோப்பையில் நெடுங்காலம் இருந்த கணக்கு, புள்ளிக்கு 100 சுவிஸ் ஃபிராங்க்: வென்றவருக்கு 10,000, முப்பதாவது ஆளுக்கு 100. கான்டினென்டல் கப்பில் கிடைப்பது அதன் பக்கத்தில்கூட வராது. ஜெர்மனியில் ராணுவம், சுங்கத்துறை, காவல்துறை போன்றவை விளையாட்டு வீரர்களைச் சம்பளத்தில் வைத்திருக்கின்றன. அதனால்தான் பாஷ்கே போன்றவர்கள் முப்பது வயதுக்குப் பிறகும் காத்திருக்க முடிகிறது. அப்படி ஓர் ஏற்பாடு இல்லாத நாட்டில் அதே திறமைக்காரர் 24 வயதில் வேறு வேலைக்குப் போயிருப்பார். பொறுமை என்று நாம் பாராட்டுவதில் பாதி, அரசாங்கச் சம்பளப் பட்டியல்.

இந்தத் தொடரில் ஏறுகிறவர்களைவிட இறங்கி வந்தவர்கள்தான் எனக்குச் சுவாரசியம். மார்ட்டின் ஷ்மிட் 1998-99, 1999-2000 இரண்டு சீசன்களிலும் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தச் சாம்பியன். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜெர்மனி ஃபின்லாந்தை 0.1 புள்ளியில் முந்தி அணித் தங்கம் வென்றபோது அந்த நால்வரில் ஒருவர். 2014 ஜனவரியில் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிச் சில குளிர்காலங்களில் அவரையும் கான்டினென்டல் கப் பட்டியல்களில் பார்க்கலாம். தன்னுடைய படத்தைச் சுவரில் ஒட்டி வளர்ந்த பையன்களோடு லிஃப்டில் மேலே போய், அவர்களிடம் தோற்றும் இருக்கிறார். புறப்படும் அந்த மூன்றில் ஒரு நொடியில் ஏதோ ஒன்று பிசகினால், எது என்று கண்டுபிடிக்கவே ஆண்டுகள் ஆகும். பழைய பதக்கங்கள் அதில் உதவுவதில்லை.

ஜப்பானின் நொரியாகி கசாய் இன்னொரு ரகம். 1972-இல் பிறந்தவர், 16 வயதில் உலகக் கோப்பையில் இறங்கினார், 500-க்கும் மேற்பட்ட போட்டிகள், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் 41 வயதில் தனிநபர் வெள்ளி, 2018-இல் எட்டாவது ஒலிம்பிக். அதன் பிறகு ஜப்பானிய உலகக் கோப்பை அணியில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. அவர் வீட்டுக்குப் போகவில்லை, ஒரு படி இறங்கினார். 2024 ஜனவரியில் சப்போரோவில் நடந்த கான்டினென்டல் கப்பில் தாண்டினார். பிப்ரவரியில் அதே ஊரில் உலகக் கோப்பை நடந்தபோது 51 வயதில் மீண்டும் மேடையேறி முப்பதாவது இடத்தைப் பிடித்தார். கிடைத்தது ஒரு புள்ளி. அந்த வயதில் உலகக் கோப்பைப் புள்ளி எடுத்தவர் அவருக்கு முன்னால் எவரும் இல்லை.

ஆளில்லாத மைதானங்களே இந்தத் தொடரின் விதி என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுன்டன் என்றொரு பழைய சுரங்க ஊர். 1930-களின் மந்தநிலைக் காலத்தில் அரசு வேலைத் திட்டத்தின் கீழ் கட்டிய மேடை அங்கே இருக்கிறது. பல பிப்ரவரிகளில் கான்டினென்டல் கப் அங்கே வந்தபோது, சுற்றுவட்டாரமே வண்டியைப் போட்டுக்கொண்டு வந்து பனியில் அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, பீர் குடித்தபடி பார்க்கும். நல்ல தாண்டலுக்குக் கைதட்டலோடு ஹாரன் சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஐரோப்பாவில் நூறு பேர் முன்னால் தாண்டிப் பழகிய இருபது வயதுப் பையனுக்கு, தன் பெயர்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் ஆரவாரம் அங்கேதான் கிடைக்கிறது.

மார்ச்சில் பட்டியல் மூடப்படும். வீரர்களுக்கு விடுமுறை அதிக நாள் நீடிக்காது. 1954-இல் கிழக்கு ஜெர்மனியின் ஹான்ஸ் ரென்னர் கண்டுபிடித்த பிளாஸ்டிக் விரிப்பு, பனி உருகிய பிறகும் சரிவைத் தாண்டத்தக்கதாக வைத்திருக்கிறது. கோடையிலேயே கான்டினென்டல் கப்பின் வெயில்காலப் பதிப்பு தொடங்கிவிடும். அங்கேயும் முப்பதாவது இடத்துக்கு ஒரு புள்ளிதான்.