கம்ப்யூட்டர் திரைக்கு ஆயுசு எவ்வளவு?



போன மாதம் ஒரு நாள் காலை நம்ம கூட்டமைப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் மானிட்டர் எரியவே இல்லை. "ஐயோ, குழுக் கணக்கு எல்லாம் போச்சா மேடம்?" என்று கணக்காளர் பதறிவிட்டார். கணக்கு மானிட்டரில் இல்லை, சி.பி.யு. பெட்டியில்தான் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. "வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சு, ஆயுசு முடிஞ்சிருக்கும். புதுசு வாங்கத் தீர்மானம் போடுவோம்" என்றார்கள் செயற்குழுவில்.

உண்மையிலேயே ஆயுசு முடிந்துவிட்டதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இப்போதைய தட்டை மானிட்டரில் திரைக்குப் பின்னால் எல்.இ.டி. விளக்குகள் இருக்கின்றன. இவை பொதுவாக 30,000 முதல் 50,000 மணி நேரம் உழைக்கும். அதன் பிறகும் பட்டென்று அணையாது, வெளிச்சம்தான் மங்கும். நாம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் போட்டால் வருஷத்துக்கு 2,400 மணி நேரம். அப்படியென்றால் 30,000 மணி நேரத்துக்கே 12 வருஷத்துக்கு மேல் ஆகும்!

பிறகு ஏன் சீக்கிரம் கெடுகிறது? மூன்று எதிரிகள்:

1. சூடு: மின்சாரப் பகுதியில் கெப்பாசிட்டர் என்ற சின்ன டப்பி போன்ற பாகம் உண்டு. சூடு ஏற ஏற அது காய்ந்து, உப்பிக் கெட்டுவிடும். காற்றுத் துளைகளைத் துணி போட்டு மூடாதீர்கள். வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

2. கரண்ட்: கூடிக் குறைந்து வரும் கரண்ட் உள் பாகங்களைக் கருக்கிவிடும். யு.பி.எஸ். வழியாக இணையுங்கள். இடி மின்னலுக்கு முன்பே பிளக்கைப் பிடுங்கி விடுங்கள்.

3. நம்ம கை: திரையை விரலால் அழுத்துவது, தண்ணீர் தெளித்துத் துடைப்பது கூடாது. அணைத்துவிட்டு, மெல்லிய துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும்.

வெளிச்சத்தைக் குறைத்து வைத்தாலும், சாப்பாட்டு நேரத்தில் அணைத்தாலும் ஆயுசு கூடும்.

மானிட்டர் இருண்டால் உடனே புதுசுக்கு ஓடாதீர்கள். முதலில் பவர் விளக்கு எரிகிறதா பாருங்கள். எரியாவிட்டால் வயர், பிளக், அடாப்டரைச் சோதியுங்கள். எரிந்தால், திரை மீது டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், பின் விளக்கில் அல்லது அதற்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியில்தான் கோளாறு. படமே தெரியாவிட்டால், சி.பி.யு.விலிருந்து வரும் வயர் கழன்றிருக்கிறதா பாருங்கள். பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், ஷாக் அடிக்கும்.

நம்ம அலுவலகத்தில் என்ன ஆச்சு தெரியுமா? மேஜைக்கு அடியில், பழைய லெட்ஜர் கட்டுக்குள் புதைந்து கிடந்த அடாப்டர் சூடாகிக் கெட்டுப் போயிருந்தது! அதே அளவு வோல்ட் கொண்ட வேறு அடாப்டர் மாற்றினோம். புது மானிட்டர் விலையில் அது சிறு பங்குதான். தீர்மானம் தேவைப்படவில்லை.

அது உங்கள் சந்தாப் பணம், சகோதரிகளே! அடுத்த முறை அலுவலகம் வரும்போது மேஜைக்கு அடியில் ஒரு பார்வை பாருங்கள்.