போட் மோட்டரை நாமும் அறிந்திருப்போம்

கடற்றொழிலை நம்பி வாழும் எமது சகோதரிகளில் சிலர் இன்று போட்டுக்கும் மோட்டருக்கும் சொந்தக்காரர்கள். யுத்தத்தில் கணவரை இழந்த பின்னர், அல்லது அவர் காணாமல் ஆக்கப்பட்ட பின்னர், அவர்கள் கைக்கு வந்த சொத்து அது. ஆனால் கடலுக்குப் போவது வேறொருவர். எண்ணெய்ச் செலவும் திருத்தச் செலவும் கழித்த பிறகே பங்கு பிரிக்கப்படுகிறது. அந்தத் திருத்தச் செலவு நியாயமானதா என்று கேட்க மோட்டரைப் பற்றி நாம் ஓரளவாவது அறிந்திருக்க வேண்டாமா?

முல்லைத்தீவுக் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த சகோதரி ஒருவர் வைத்தியத்துக்காக வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது என்னிடம் இதையே கேட்டார்.

"மிஸ், மாசாமாசம் ரிப்பேர் எண்டு காசு வெட்டுறாங்கள். ஒண்டும் தெரியாமல் எப்பிடிக் கணக்குக் கேக்கிறது?"

ஒருநாள் காலை இருவரும் தெஹிவளைக் கடற்கரைக்கு நடந்து போனோம். கரையேறிய தொழிலாளி ஒருவர், மோட்டரின் கீழ்ப்பகுதியை நல்ல தண்ணீர் நிறைந்த பீப்பாய்க்குள் இறக்கி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். அவர் சிங்களத்தில் விளக்க, நான் தமிழில் சொன்னேன். அன்று கேட்டவற்றையும் பின்னர் மோட்டர்க் கைநூல்களில் வாசித்தவற்றையும் இங்கே தருகிறேன்.

தினமும் பார்க்க வேண்டியவை

கடல்நீரை உறிஞ்சித்தான் மோட்டர் தன் சூட்டைத் தணிக்கிறது. தொழில் முடிந்ததும் சில நிமிடங்கள் நல்ல தண்ணீரில் ஓடவிட்டால் உள்ளே உப்புப் படியாது. ஓடும்போது பக்கத்திலுள்ள சிறு துளையால் தண்ணீர் பீச்சியடிக்க வேண்டும். அது மெலிந்தால் உள்ளேயிருக்கும் றப்பர் விசிறி தேய்ந்திருக்கலாம், அல்லது தண்ணீர் வழி அடைத்திருக்கலாம். கவனியாமல் விட்டால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துவிடும். சிறிய றப்பர்த் துண்டுக்காக மோட்டரையே இழக்க நேரிடும்.

மண்ணெண்ணெய் மோட்டரைப் பெற்றோலில் தொடக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1990களில் எரிபொருள் தடைக்குள் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்களை இப்படித்தான் ஓட்டினோம். நிறுத்துவதற்கு முன்னரும் சிறிது நேரம் பெற்றோலில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்தே கை சோர்ந்துவிடும்.

மாதமொருமுறை பார்க்க வேண்டியவை

கியர் ஒயிலை 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றும்படி பல கைநூல்கள் சொல்கின்றன. நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் ஓடினால் 25 நாளில் 100 ஆகிவிடும். வெளியே எடுக்கும் ஒயில் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். விசிறித் தண்டில் சுற்றிய தங்கூசி, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலை அறுத்திருக்கக் கூடும்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் சரியாக எரியவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. எரியாமல் வீணாகும் எண்ணெயும் உங்கள் பங்கிலிருந்தே போகிறது. எண்ணெயுடன் ஒயில் கலக்கும் மோட்டராயின், கைநூலில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். பலவற்றுக்கு அது 50 லீற்றருக்கு 1 லீற்றர். ஒயில் கூடினால் பிளக் கரிபிடிக்கும். குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும்.

கொப்பி ஒன்று வைத்திருங்கள்

மோட்டரின் இலக்கம், ஓடிய மணித்தியாலம், ஊற்றிய எண்ணெய், மாற்றிய பாகம், அதன் விலை ஆகியவற்றைத் திகதியிட்டு எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கடைப் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். மேலதிக பிளக், பிளக் கழற்றும் சாவி, இழுவைக் கயிறு, துடுப்பு ஆகியன போட்டில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

"பொம்பிளையளுக்கு மோட்டர் எதுக்கு?" என்று யாராவது கேட்கலாம். 1909இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஓல் எவின்ரூட் என்பவர் இத்தகைய மோட்டரைத் தயாரித்து விற்கத் தொடங்கியபோது, வியாபாரத்தையும் விளம்பரத்தையும் கவனித்தவர் அவரது மனைவி பெஸ்.

கேள்வி கேட்டால் தொழிலுக்குப் போகும் பெடியன் கோபிப்பானோ என்ற தயக்கம் எழலாம். மோட்டர் நின்றால் காற்றும் நீரோட்டமும் போட்டை எல்லைக்கு அப்பாலும் இழுத்துச் செல்லும், அப்போது நடுக்கடலில் தவிப்பது அவன்தான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். அவன் பத்திரமாகக் கரை திரும்பினால்தான் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும்.