விழித்திரை நோய்கள்

கண்ணின் உட்புறத்தே பின்சுவரை ஒட்டிப் படர்ந்திருக்கும் மெல்லிய படலமே விழித்திரை. இதற்கு நோவறியும் நரம்பு இல்லை. ஆதலின் இதன் நோய் ஓசையின்றி வளரும்.

நீரிழிவு நாட்பட்டால் இதன் நுண்ணிய குருதிக் குழாய்கள் கசிந்து பார்வை மங்கும். லேசர் ஒளியாலும் கண்ணினுள் செலுத்தும் ஊசி மருந்தாலும் அக்கேட்டைத் தடுப்பர்.

சிலர்க்குத் திரை கிழிந்து இடம்விட்டுப் பிரியும். கண்ணில் மின்னல் வெட்டுவதும், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகுவதும், ஒருபுறம் நிழல் கவிவதும் இதன் அறிகுறிகள். தீராப் பிணி எனக் கருதப்பட்ட இதனை, 1920களில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஜூல் கோனன் கிழிசலைச் சூடிட்டு அடைத்துத் தீர்த்துக் காட்டினார். இன்று அறுவை முறைகள் மேலும் வளர்ந்துள்ளன.

மாணவர்களே! நோவில்லை என்று வாளா இருத்தல் ஆகாது. நீரிழிவுடைய பெரியோரை ஆண்டுதோறும் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இழந்த பார்வையை மீட்பதினும் இருப்பதைக் காப்பது எளிது.